அமலாவில் ஏன் கட்டி விழுகிறது? யொரூபாச் சமையல்: கேள்வி - பதில்

தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களின் வட்டார உணவுகள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். லேகோஸில் குடும்பத்துடன் இருப்பவர்கள், நைஜீரிய நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தாங்களே செய்து பார்க்க நினைப்பவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். செய்து பார்த்துச் சரிவராமல் போனவர்களின் கேள்விகளுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

அமலா கிண்டும்போது ஒவ்வொரு முறையும் கட்டி விழுகிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. தண்ணீர் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். என்னதான் செய்வது?
- வாசகி, இகேஜா, லேகோஸ்

அளவு ஒரு காரணம்தான். பெரிய காரணம் மாவு தண்ணீரில் இறங்கும் விதம். கிழங்கு மாவில் கிண்டும் களிதான் அமலா. அதற்கான மாவின் பெயர் எலுபோ. யாம் கிழங்கை (நம் காய்ச்சில் கிழங்குக்கு உறவு) தோல் சீவி, வில்லைகளாக்கி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெயிலில் கல்லாகக் காயவைத்து அரைப்பது. வெந்நீர் என்றால் கொதிநீர் அல்ல, கை பொறுக்காத சூடு. கிழங்கு பாதி வேக்காடு கண்டிருப்பதால் மாவு சூட்டைக் கண்டதும் சட்டென்று இறுகும். மாவு உருண்டையாக விழுந்தால் வெளிப்பக்கம் உடனே வெந்து தோல்போல் மூடிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் போகாது. அந்தப் பச்சை மாவைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

நான்கு பேருக்கு 2 கப் எலுபோ, 4 கப் தண்ணீர். மாவைக் கட்டாயம் சலியுங்கள். சந்தை எலுபோ ஈரக்காற்றில் கட்டிக்கொள்ளும். அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அரை கப்பைத் தனியே எடுத்து வையுங்கள். தீயை நன்றாகக் குறையுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பாத்திரத்தை இறக்கியே வைத்துக்கொள்ளலாம். தளதளவென்று கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஒரு கையால் மாவைச் சீராகத் தூவி, மறு கையால் நிறுத்தாமல் கிளறுங்கள். கரண்டி போதாது, ஒரோகுன் என்ற தட்டையான மரத்துடுப்பு வேண்டும். சும்மா சுற்றாதீர்கள். மாவைப் பாத்திரச் சுவரோடு அழுத்தி, இழுத்து, மடியுங்கள். கட்டி உடைவது அந்த அழுத்தத்தில்தான்.

மாவு திரண்டதும் அங்கங்கே குழியிட்டு, எடுத்து வைத்த வெந்நீரில் பாதியைத் தெளித்து மூடி, மிகச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். அமலா வேகும் கட்டம் இதுதான். இதைத் தவிர்த்தால் பச்சை வாடை போகாது. பிறகு மறுபடி கிளறினால் பளபளப்பாகத் திரளும். கெட்டியாகிவிட்டால் சூடான நீரையே சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் கூழாகவும் ஒரு பக்கம் கட்டியாகவும் பிரியும். ஆறும்போது இறுகும் என்பதால் இறக்கும்போது நீங்கள் விரும்புவதைவிடச் சற்று இளக்கமாகவே இருக்கட்டும்.

பழுப்பு நிறத்தைப் பார்த்து மாவு கெட்டுவிட்டதோ என்று ஒருவர் கேட்டிருந்தார். கெடவில்லை. வெட்டிய கிழங்கு காற்றுப் பட்டுக் கருப்பதன் தொடர்ச்சிதான் அது. புளித்த பூஞ்சை வாடை வந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

இபாதானில் அமலா, எக்கிட்டியில் இயான் என்கிறார்கள். ஒரே மக்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு?
- வாசகர், மதுரை

யொரூபா நாட்டின் தெற்கும் கிழக்கும் மழைக்காடு, வடமேற்கு புல்வெளி. ஓயோ, இபாதான் பக்கத்துக்குப் பாலைக்காற்று வீசும் வறண்ட மாதங்கள் கிழங்கு காயவைக்க ஏற்றவை. அங்கே எலுபோவும் அமலாவும் வேரூன்றின. எக்கிட்டி, ஒண்டோ, இலேஷா பக்கத்தில் கிழங்கைப் பச்சையாகவே வேகவைத்து இடித்து இயான் ஆக்குவார்கள். அபேயொக்குட்டாவின் எக்பா மக்கள் மரவள்ளியை ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் காயவைத்து அரைத்த லாஃபுன் மாவில் வெள்ளை அமலா கிண்டுவார்கள். இஜேபுக்காரர்களுக்கு, துருவிய கிழங்கைக் காரக் குழம்பில் வேகவைக்கும் இக்கோகோரேயும், கர்ரி என்னும் புளித்த மரவள்ளி நொய்யும். இக்கிரே ஊருக்கு, கனிந்து கருத்த வாழைக்காயை மிளகாய் சேர்த்துச் செம்பனை எண்ணெயில் பொரிக்கும் டோடோ இக்கிரே. ஒண்டோ ஊருக்கு, சுட்ட ஆட்டிறைச்சியை மிளகாயில் புரட்டும் அசுன். ‘யொரூபாச் சாப்பாடு’ என்று ஒன்றைச் சொல்வதைவிட, எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்பதே சரி.

எங்கள் பக்கம் காய்ச்சில் கிழங்கு நன்றாகக் கிடைக்கும். அதை வேகவைத்து இடித்தால் இயான் வருமா? சேனையில் செய்து பார்த்தேன், வரவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

சேனையை விட்டுவிடுங்கள். அது வேறு குடும்பத்துக் கிழங்கு. எத்தனை இடித்தாலும் இழுபடாது. இயானுக்கு வேண்டியது ஆப்பிரிக்க வெள்ளை யாம். உங்கள் பக்கத்துச் சாதாரணக் காய்ச்சில் அதற்கு உறவுதான், ஆனால் நீர் அதிகம், இடித்தால் தொய்ந்துவிடும். யொரூபாக்காரர்களும் அந்த வகையை இயானுக்கு எடுப்பதில்லை.

நீங்கள் தேட வேண்டியது கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் காச்சில்’ என்று சொல்லப்படும் கிழங்கை. அது இயானுக்குரிய வெள்ளை யாமேதான். திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ சுப்ரா, ஸ்ரீ பிரியா, ஸ்ரீ தன்யா என்று அதில் ரகங்களே வெளியிட்டிருக்கிறது. எல்லை தாண்டினால் கிடைக்கும்.

தோல் சீவிய ஒரு கிலோ கிழங்கு மூன்று நான்கு பேருக்குப் போதும். மூன்று விரல் கனத்துக்கு வெட்டி, மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, இருபது முதல் முப்பது நிமிடம் வேகவையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், கரையக் கூடாது. வெந்த நீரைக் கொட்டாதீர்கள். கிழங்கை அடுப்பிலேயே சூடாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று துண்டாக எடுத்து உரலில் போட்டு இடியுங்கள். முதல் சுற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. எல்லாத் துண்டும் மசிந்து கட்டியே இல்லை என்று விரலால் தடவி உறுதி செய்த பிறகு, மொத்தத்தையும் சேர்த்து வேகமாக இடியுங்கள். உலக்கையில் ஒட்டி மேலே வரத் தொடங்கும். அப்போது வெந்த நீரை ஒன்றிரண்டு தேக்கரண்டி மட்டும் தெளித்து மறுபடி இடித்தால் வெண்ணெய்போல் மிருதுவாகும்.

தண்ணீரை முன்பே விட்டால் கட்டிகள் உலக்கைக்கு அகப்படாமல் வழுக்கி ஓடும். பிறகு எவ்வளவு இடித்தாலும் உடையாது. கிழங்கு ஆறிப்போனாலும் அப்படித்தான். இந்தப் பக்கத்தில் வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலுக்கும் இதுவே பதில்: யொரூபாச் சமையலில் ஏதாவது தவறினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். எவ்வளவு, எப்போது, எந்தச் சூட்டில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொன்று. ஆகஸ்டு வாக்கில் வரும் புதுக்கிழங்கில் நீர் அதிகம், இயானுக்கு அவ்வளவு ஏற்றதல்ல. சில மாதம் வைத்திருந்த பழைய கிழங்கே நன்றாக இழுபடும். உரல் இல்லாவிட்டால் மாவு பிசையும் கனத்த இயந்திரத்தில் செய்யலாம். மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்து அடுப்பில் கிளறும் வழியும் உண்டு. வயிறு நிறையும், ஆனால் இழுவை வராது.

இராசவள்ளிக்கிழங்கில் நாங்கள் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சுவோம். அதே கிழங்கில் காரமாக ஒரு ஆப்பிரிக்க உணவு இருக்கிறதாமே?
- வாசகர், யாழ்ப்பாணம்

உண்மைதான். இஜேபு மக்களின் இக்கோகோரே. அவர்கள் எவூரா என்று சொல்லும் நீர்யாமும் உங்கள் இராசவள்ளியும் ஒரே இனம். ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன கிழங்கு அது. அங்கே பெரும்பாலும் வெள்ளைச் சதை உள்ளது கிடைக்கும். ஊதா நிறத்திலும் செய்யலாம். செம்பனை எண்ணெயோடு சேர்ந்து கருஞ்சிவப்பாக வரும், சுவை கெடாது.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, துருவியின் நுண்ணிய பக்கத்தில் துருவுங்கள். பச்சைக் கிழங்கு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும். முன்பே எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். துருவலில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, கையால் இரண்டு மூன்று நிமிடம் அடித்துக் கலக்குங்கள். பிசுபிசுப்பாகி, விரல்களிலிருந்து கனமாக, மெதுவாக விழ வேண்டும்.

குழம்புக்கு மூன்று சிவப்புக் குடைமிளகாய், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு ரோடோ மிளகாய் (ஹாபனேரோ வகைக் காரமிளகாய்) ஆகியவற்றை அரையுங்கள். ரோடோவுக்கு உங்கள் ஊர் நை மிரிஸ் மிகப் பொருத்தம். அதே இனம், அதே மணம். 100 மில்லி செம்பனை எண்ணெயில் அரைத்ததை வதக்கி, மூன்று கப் இறைச்சிச்சாறோ தண்ணீரோ ஊற்றி, முள் நீக்கிய புகையூட்டிய மீன், காய்ந்த இறால் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். கொதிக்கும்போதே துருவலைப் பாக்களவு உருண்டையாகக் கிள்ளிக் கிள்ளிப் போடுங்கள். இதற்குப் பிறகு பத்து நிமிடம் கரண்டியே படக் கூடாது. மூடிச் சிறு தீயில் வையுங்கள். உடனே கிளறினால் எல்லாம் கரைந்து கூழாகும். உருண்டைகள் வெளுத்து இறுகியதும் மெல்லப் புரட்டி, இன்னும் பத்து நிமிடம் வேகவிடுங்கள். பாதி உடைந்தும் பாதி உருண்டையாகவும் இருப்பதுதான் சரியான பதம்.

கிழங்கே நீர்த்திருந்தால் ஒரு கைப்பிடி கர்ரி சேர்த்துப் பிடிக்கச் செய்யலாம். இஜேபுவில் இதைச் சூடாக எடுத்து, ஆறிப்போன எபாவோடு (கர்ரியைக் கொதிநீரில் திரட்டிய களி) சாப்பிடுவார்கள். அந்தச் சூடும் குளிர்ச்சியும் சேர்வதற்காகவே எபாவை முன்கூட்டியே கிண்டி வைப்பவர்கள் உண்டு. அதே துருவலில் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொரித்தால் ஒஜோஜோ.

மரவள்ளி மாவு வாங்கி எபா செய்தேன். ஒட்டுப்பசைதான் வந்தது.
- வாசகர், சேலம்

உங்கள் ஊரில் கிடைப்பது ஸ்டார்ச், ஜவ்வரிசிக்கு ஆவது. எபாவுக்கு வேண்டிய கர்ரி வேறு. மரவள்ளியைத் துருவி, சாக்கில் கட்டி மேலே பாரம் ஏற்றி, இரண்டு மூன்று நாள் நீர் வடியவும் புளிக்கவும் விட்டு, சலித்து, அகன்ற இரும்புச் சட்டியில் வறுத்து எடுக்கும் குறுநொய் அது. இஜேபு கர்ரியை இன்னும் அதிக நாள் புளிக்கவிடுவார்கள். அதனால் புளிப்பும் மொறுமொறுப்பும் கூடும். துருவுவது, புளிக்கவைப்பது, பிழிவது, வறுப்பது என ஒவ்வொரு படியும் கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சைக் குறைக்கிறது. ஆகவே வீட்டில் முயன்றால் எந்தப் படியையும் சுருக்காதீர்கள்.

கர்ரி கிடைத்துவிட்டால் எபா ஐந்து நிமிட வேலை. இரண்டு கப் கொதிநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றரை கப் கர்ரியைப் பரவலாகத் தூவி, கிளறாமல் மூன்று நிமிடம் மூடி வைத்து, பிறகு துடுப்பால் திரட்டுங்கள். தண்ணீர் கொதித்து இறக்கிய உடனே ஊற்ற வேண்டும். சூடு தணிந்திருந்தால் நொய் ஊறுமே தவிரத் திரளாது.

இங்கே என்னுடன் வேலை செய்யும் இபாதான்காரர், அமலாவுக்கு எவேடுவும் க்பெகிரியும் இல்லாவிட்டால் சாப்பாடே இல்லை என்கிறார். துபாயில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்ய முடியுமா?
- வாசகர், துபாய்

முடியும். சொல்லப்போனால் உங்களுக்குத்தான் மிக எளிது. எவேடு என்பது சணல் கீரை. அரபுக் கடைகளில் முலூக்கியா என்று உறையவைத்து விற்பதும் அதே கீரைதான்.

பச்சைக் கீரை என்றால் தண்டில்லாமல் இலை மட்டும் 200 கிராம் எடுங்கள். ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் காவுன் என்னும் உவர்க்கல்லை ஒரு சிட்டிகை போடுவார்கள். அதற்குப் பதில் ஆப்ப சோடாவில் அதே சிட்டிகை போதும். கூடினால் சோப்பு வாடை வரும். இலையைப் போட்டு, மூடாமல், ஐந்தாறு நிமிடம் வேகவிடுங்கள். மூடினால் பச்சை நிறம் மங்கும். இஜாபே என்ற குட்டித் துடைப்பத்தால் பாத்திரத்துக்குள்ளேயே குத்திக் குத்திக் கடைவார்கள். நம் கீரை மத்து இருந்தால் இலையை முதலில் பொடியாக நறுக்கிக்கொண்டு கடையலாம். ஈரு (புளிக்கவைத்த மரவிதை) ஒரு தேக்கரண்டி, உப்பு, இரண்டு நிமிடக் கொதி, அவ்வளவுதான். கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுபட வேண்டும். அதிகம் கொதித்தால் அந்த இழுவை அறுந்து, இலை அடியிலும் நீர் மேலும் நிற்கும். உறைந்த முலூக்கியா ஏற்கெனவே நறுக்கப்பட்டிருப்பதால் அதற்கு மூன்று நிமிடமே போதும்.

க்பெகிரிக்கு ஒரு கப் தோல் நீக்கிய காராமணி. நைஜீரியாவில் இனிப்புச் சாயலுள்ள பழுப்புக் காராமணியை விரும்புவார்கள். வெள்ளைக் காராமணியும் ஆகும். நான்கு கப் தண்ணீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் குழைய வேகவைத்து, கடைந்து, வடிகட்டுங்கள். மூன்று மேசைக்கரண்டி செம்பனை எண்ணெய், அரைத்த மிளகாய், ஈரு, உப்பு சேர்த்துச் சிறு தீயில் பத்து நிமிடம். அடிப்பிடிக்கும் குணம் இதற்கு மிக அதிகம், எனவே பக்கத்திலேயே நின்று கிண்டுங்கள். ஊற்றினால் ஓடும் பதம் வேண்டும். ஆறினால் இன்னும் கெட்டியாகும். அமலாவின் மேல் மஞ்சளாக க்பெகிரி, பச்சையாக எவேடு, நடுவில் சிவப்பு மிளகாய்க் குழம்பும் இறைச்சியும். மூன்றும் சேர்ந்த தட்டுக்கு அபுலா என்று பெயர். உங்கள் நண்பர் கேட்பது அதைத்தான்.

அக்காரா தட்டையாக, எண்ணெய் குடித்து வருகிறது. மொயின் மொயினோ அடியில் நீரும் மேலே கெட்டியுமாகப் பிரிகிறது. இரண்டுக்கும் ஒரே மாவுதானே?
- வாசகி, திருச்சி

அக்காரா எண்ணெயில் பொரிப்பது, மொயின் மொயின் இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது. பயறு ஒன்றுதான், மாவு ஒன்றல்ல. அங்கேதான் தவறு.

இரண்டுக்கும் 400 கிராம் காராமணி. தோல் கழலும் அளவுக்கு இருபது நிமிடம் மட்டும் ஊறவைத்து, மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நிறையத் தண்ணீரில் கசக்கித் தோலை மிதக்கவிட்டு ஊற்றிவிடுங்கள். இதில் பொறுமை வேண்டும். கறுப்புக் கண் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுப்பார்கள். பிறகு ஒன்று இரண்டு மணி நேரம் ஊறட்டும். இரவு முழுக்க ஊறவைத்தால் பயறு நீரைக் குடித்து, அரைக்கும்போது இளகிவிடும்.

அக்காராவுக்கு அரை கப்புக்கு மேல் தண்ணீர் விடாமல் நைசாக அரையுங்கள். பிறகு மத்தாலோ கையாலோ ஒரே திசையில் ஐந்து முதல் பத்து நிமிடம் அடித்துக் காற்றேற்றுங்கள். உளுந்து வடை மாவைப் பார்ப்பதுபோல ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். பொடியாக நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, உப்பைப் பொரிக்கப் போகும் நேரத்தில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் வெங்காயம் நீர்விட்டு மாவு அமுங்கும். எண்ணெய் மூன்று சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். சூடு 175 முதல் 180 டிகிரி. உங்கள் அக்காரா எண்ணெய் குடித்ததற்கு இளகிய மாவும் சூடு போதாததும் சேர்ந்து காரணம். அடிக்காத மாவில் செய்தால் கல்லாக வரும். ஓசுன் மாநிலத்து ஓசு ஊரின் அக்காராவுக்குத் தனிப் புகழே உண்டு. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு இந்தப் பண்டம் பிரேசிலின் பாயியா மாநிலம் வரை போனது. அங்கே அதன் பெயர் அக்கராஜே. அதைச் சுட்டு விற்கும் பெண்களின் தொழிலை 2005ல் பிரேசில் தன் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

மொயின் மொயினுக்கு நேர்மாறு. இரண்டு சிவப்புக் குடைமிளகாய், ஒரு வெங்காயம், காரத்துக்கு மிளகாய் எல்லாவற்றையும் சேர்த்து, அரைப்பதற்கும் பிறகு கலப்பதற்குமாக மொத்தம் 600 மில்லி நீரோ சாறோ விடலாம். அரை கப் எண்ணெயும். தோசை மாவைவிடத் தளர்வாக, ஊற்றும் பதத்தில் இருக்கும். இந்தத் தளர்ந்த மாவு நின்றால் பயறு அடியில் தங்கிவிடும். நீங்கள் ஒரே முறை கலக்கிவிட்டு வரிசையாக ஊற்றியிருப்பீர்கள். ஒவ்வொரு அகப்பைக்கும் அடிவரை கலக்கி ஊற்றினால் பிரியாது. சாறு வெதுவெதுப்பாக இருப்பதும் நல்லது.

பொதிவது எவே எரான் என்ற அகன்ற இலையில். சர்க்கரையைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் மூவாயிரம் மடங்கு இனிப்பான தௌமாட்டின் என்ற புரதம் அந்தச் செடியின் பழத்தில்தான் இருக்கிறது. இலை தருவது இனிப்பை அல்ல, மணத்தை. நமக்கு வாழையிலை போதும். தீயில் வாட்டி, இரண்டு இலையைச் சேர்த்துக் கூம்பாக மடித்து, முக்கால் அளவுக்கு ஊற்றி மடக்குங்கள். வேகவைத்த முட்டைத் துண்டு, மீன் உள்ளே வைக்கலாம். பானையின் அடியில் இலைக்காம்புகளைப் பரப்பி, இரண்டு சென்டிமீட்டர் நீரில் ஆவியில் 45 முதல் 60 நிமிடம். சிறு கிண்ணங்களில் இட்லிப் பானையில் வைத்தால் 35 நிமிடம். நடுவே சேர்க்கும் நீர் கொதிநீராக இருக்க வேண்டும். வெந்ததும் பிரித்துப் பார்த்தால் இளக்கமாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் ஆறினால் நிற்கும். பாலித்தீன் பையில் ஊற்றி வேகவைக்கும் பழக்கம் நகரங்களில் பரவிவிட்டது. தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள்.

ஈரு என்று எல்லாக் குறிப்பிலும் வருகிறது. அது இல்லாமல் செய்யலாமா? நாங்கள் சைவம்.
- வாசகி, சென்னை

ஈரு சைவம்தான். சொல்லப்போனால் மீனும் இறைச்சியும் இல்லாத குழம்புக்கு உயிர் கொடுப்பதே அது. ‘லோகஸ்ட் பீன்’ என்னும் ஆப்பிரிக்க மரத்தின் விதைகளைப் பல மணி நேரம் வேகவைத்து, தோல் நீக்கி, மறுபடி வேகவைத்து, மூட்டமாகப் பொதிந்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைப்பது. முழுமுழு விதையாக இருப்பது ஈரு வோரோ, குழைந்திருப்பது ஈரு பெட்டே. எவேடுவுக்கும் க்பெகிரிக்கும் குழைந்தது நல்லது. வாடை கடுமையாக இருக்கும். எண்ணெயில் வெங்காயத்தோடு ஒரு நிமிடம் வதங்கினால் அடங்கி மணமாகும். கிடைக்காவிட்டால் நாகாலாந்தின் அகுனி அல்லது சிக்கிம் பக்கத்துக் கினேமா வாங்குங்கள். இரண்டும் சோயாவை இதேபோல் புளிக்கவைத்தவை. அளவைப் பாதியாக்குங்கள்.

இறைச்சிக்குப் பதில் காளான் போடுங்கள். யொரூபாக்காரர்களே காட்டுக் காளானை அப்படிப் பயன்படுத்துகிறார்கள். சைவர்கள் முதலில் செய்ய வேண்டியது எஃபோ ரிரோ என்ற கீரைப் பிரட்டல் என்பது எங்கள் கருத்து. அதற்கு அவர்கள் மிகவும் விரும்பும் சோக்கோ கீரை நம் வயலோரப் பண்ணைக்கீரைதான். டெட்டே என்பது நம் தண்டுக்கீரை இனம். ஒரு கிலோ கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி, குளிர்ந்த நீரில் அலசி, இரு கையாலும் ஒட்டப் பிழியுங்கள். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. அரைகுறையாகப் பிழிந்தால் கீரைச் சாம்பார்போல் ஆகிவிடும். அரைத்த குடைமிளகாய், வெங்காயம், மிளகாயை முதலில் தனியே நீர் வற்றக் காய்ச்சி, 150 மில்லி செம்பனை எண்ணெயில் எண்ணெய் பிரியும்வரை வதக்கி, ஈரு சேர்த்து, கடைசியில் கீரையைப் போட்டு மூடாமல் ஐந்து நிமிடம் புரட்டி இறக்குங்கள்.

ஓஃபடா சோற்றுக்கான பச்சைக் குழம்பு (அயமாசே) செய்யும்போது வீடே புகை. செம்பனை எண்ணெயை வெளுக்க வைக்காமல் முடியாதா?
- வாசகர், டொராண்டோ

வெளுக்க வைக்காவிட்டால் அது அயமாசே ஆகாது, ஆனால் புகை வர வேண்டியதில்லை. ஒகுன் மாநிலத்து இக்கென்னே ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் குழம்பு இது. 350 மில்லி செம்பனை எண்ணெயை மூடியுள்ள கனத்த பாத்திரத்தில் ஊற்றி, மிதமான தீக்கும் குறைவாகப் பத்து நிமிடம் வையுங்கள். சிவப்பு போய்த் தேன் நிறமானால் போதும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். பெருந்தீயில் வைத்து உடனே திறப்பதால்தான் புகை, சில வேளை தீயே பிடிக்கும். ஈரக் கரண்டி அருகே வரக் கூடாது. தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு அடுப்பை அணையுங்கள். வெளுத்த எண்ணெயில் செம்பனைக்குரிய கரோட்டின் சத்து போய்விடும் என்பதால் இது விசேஷ நாள் குழம்பாகவே இருக்கட்டும்.

ஆறு பச்சைக் குடைமிளகாய், இரண்டு வெங்காயம், நான்கு பச்சை ரோடோ ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து, நீர் முற்றிலும் வற்றக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். நீர் இருந்தால் சூடான எண்ணெய் தெறிக்கும், குழம்பும் புளிக்கும். ஆறிய எண்ணெயை மறுபடி சூடாக்கி, நறுக்கிய வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி ஈரு, பிறகு அரைத்தது என்று சேர்த்து இருபது நிமிடம் வதக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும். வேகவைத்த குடல், மாட்டுத்தோல், இறைச்சித் துண்டுகள், முழு முட்டை சேர்த்துப் பத்து நிமிடம்.

ஓஃபடா அரிசியின் வாடை கண்டு கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள். நெல்லைப் பல நாள் ஊறவைத்துப் புழுக்குவதால் வரும் மணம் அது. தீட்டாத குறு அரிசி. கல் பொறுக்கி, நான்கைந்து முறை கழுவி, பத்து நிமிடம் கொதித்ததும் வடித்து, புது நீரில் மறுபடி வேகவையுங்கள். மொத்தம் 40 நிமிடம் பிடிக்கும்.

ரேஷன் பாமாயிலைச் செம்பனை எண்ணெய்க்குப் பதில் ஊற்றலாமா?
- வாசகி, ஈரோடு

பொரிக்க மட்டும் ஊற்றலாம். ரேஷனில் வருவது நிறமும் மணமும் நீக்கிச் சுத்திகரித்தது. க்பெகிரி, எஃபோ ரிரோ, இக்கோகோரே மூன்றும் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயின் மணத்தை நம்பி நிற்பவை. வாங்கும்போது நிறம் செம்மஞ்சளாகவும், குளிர்ந்தால் பாதி உறைந்தும் இருக்கிறதா பாருங்கள். தொண்டையைக் கரகரவென்று பிடித்தால் பழைய எண்ணெய்.

இலோரின் பக்கத்து வாரா பாற்கட்டியை எருக்கம்பாலில் உறைய வைக்கிறார்களாம். நம் ஊர் எருக்கில் செய்யலாமா?
- வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். வாரா செய்பவர்கள் ஃபுலானி இனத்துப் பெண்கள். எருக்கின் ஒரு வகையில் எவ்வளவு சாறு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் கொதிக்கவைக்க வேண்டும் என்பதைத் தலைமுறையாகக் கற்றவர்கள். எருக்கம்பால் நஞ்சு, கண்ணில் பட்டாலே ஆபத்து. நம் ஊரில் அதிகம் காண்பது வேறு வகையும்கூட. எலுமிச்சைச் சாற்றில் பாலைத் திரித்து, துணியில் கட்டி நீர் வடியவிட்டு, துண்டாக்கிப் பொரித்து, மிளகாய்க் குழம்பில் போடுங்கள். மென்மை சற்றுக் குறையும், அவ்வளவே.